தெருவில் ரோடு போட வருகிறார்கள்: வாசற்படியிலிருந்து எம் புக் வரை

கான்கிரீட் லாரி தெருமுனையில் வந்து நின்ற பிறகு கேள்வி கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எஸ்டிமேட்ல இப்படித்தாங்க இருக்கு." அந்த எஸ்டிமேட்டைக் கண்ணால் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். மேஸ்திரிக்கு அது தெரியாது. கேட்டவரிடமும் அது இருக்காது. அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே இரண்டு காரியம் முடித்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, எஸ்டிமேட்டின் நகல். இன்னொன்று, உங்கள் வாசற்படியிலிருந்து இப்போதைய ரோடு எவ்வளவு கீழே இருக்கிறது என்ற அளவு. இந்த இரண்டும் கையில் இருந்தால் மற்றதெல்லாம் கணக்குதான்.

முதலில் அது யாருடைய ரோடு என்று பாருங்கள். சேலத்தில் மனுக்கள் அலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலம், 60 வார்டு. இவற்றுக்குள் இருக்கும் உள்தெருக்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவை. அதே வார்டுக்குள் ஓடும் பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கலாம். சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் பைபாஸ் என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். அதற்கு 1033 என்ற எண் இருக்கிறது, கவுன்சிலரிடம் போய்ப் பயனில்லை. அஸ்தம்பட்டியைத் தாண்டி கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் போனால் பேரூராட்சியும் ஊராட்சியும் வந்துவிடும். பார்க்க எல்லாம் ஒரே ஊர் போலத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுங்கள். வரி வாங்கும் அலுவலகம், வார்டு எண், தெருப்பெயர் மூன்றும் அதில் இருக்கும். மனுவில் தெருப்பெயரை அந்த ரசீதில் உள்ளபடியே எழுதுங்கள். மக்கள் வாயில் வழங்கும் பெயரும் பதிவேட்டில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், "அப்படி ஒரு தெரு இவ்வார்டில் இல்லை" என்று பதில் வரும். எழுதியவர் மேல் தப்பும் சொல்ல முடியாது.

அடுத்தது பணம் எங்கிருந்து வருகிறது என்பது. மாநகராட்சி பொது நிதியா, மாநில அரசின் நகர்ப்புற சாலைத் திட்டமா, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியா, எம்.பி. நிதியா, பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டும் நமக்கு நாமே திட்டமா? சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு என்று மூன்று தொகுதிகள் நகரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பதால், பக்கத்துத் தெருவுக்கு எம்.எல்.ஏ. நிதியில் ரோடு வந்து உங்கள் தெருவுக்கு வராமல் போவது சாதாரணம். நடுவில் தொகுதி எல்லை போயிருக்கலாம். எந்த நிதியாக இருந்தாலும் எஸ்டிமேட் போடுவதும் அளந்து பில் எழுதுவதும் அநேகமாக மாநகராட்சிப் பொறியாளர்கள்தான். பூமி பூஜை போட்டோவில் நிற்பவரிடம் அந்தக் காகிதம் இருக்காது. உங்கள் வார்டு உதவிப் பொறியாளரின் மேசையில் இருக்கும்.

ரோடே வரவில்லை, வரவைக்க வேண்டும் என்றால் வழி பழையதுதான். மண்டல உதவி ஆணையாளருக்கு மனு, ஆணையாளருக்கு நகல், முத்திரையோடு ஒப்புகை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும், 1100-க்குப் பேசினாலும் கடைசியில் அது மாநகராட்சிக்கே வரும். ஆனால் அங்கே ஒரு மனு எண் கிடைக்கும், பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் வரும். இதைவிட உருப்படியானது ஏரியா சபை. 2022-ல் விதிகள் வந்த பிறகு ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, கவுன்சிலர் தலைமையில் சபை கூட வேண்டும். பல இடங்களில் டீயோடு முடிந்துவிடுகிறது என்பது உண்மை. இருந்தாலும் அங்கே நீங்கள் சொன்னது குறிப்பேட்டில் ஏறினால், கவுன்சிலருக்கே அது ஆயுதம்: "சபையில் கேட்டிருக்காங்க" என்று அவர் பொறியாளரிடம் பேசலாம். கூட்டம் முடிந்ததும் அந்தக் குறிப்பை எழுதவைத்து, படித்துப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எஸ்டிமேட். முதலில் உதவிப் பொறியாளரிடம் நேரில் கேளுங்கள். சிலர் காட்டுவார்கள். காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும் என்பதால், பணி ஆணை போட்டாகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே எழுதுங்கள்.

எழுதும் விதம் முக்கியம். "ஏன் எங்கள் தெருவில் தரமற்ற ரோடு போடப்பட்டது?" என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் காகிதத்தைத் தரும், காரணத்தைத் தராது. இப்படிக் கேளுங்கள்:

"மேற்படி தெருவில் சாலை அமைக்கும் பணி தொடர்பாக (1) தொழில்நுட்ப அனுமதி பெற்ற மதிப்பீட்டின் நகல், (2) பணி ஆணை மற்றும் ஒப்பந்தத்தின் நகல், (3) அளவீட்டுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்களின் நகல், (4) தரக்கட்டுப்பாட்டுச் சோதனை அறிக்கைகளின் நகல், (5) குறைபாடு பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றைச் சான்றொப்பமிட்டு வழங்கவும். பிரிவு 2 (ஜே)-யின்படி பணியையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்யத் தேதி ஒதுக்கவும்."

அந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிவு 2 (ஜே) நகல் வாங்கும் உரிமையை மட்டும் தரவில்லை. நடக்கும் பணியைப் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. ஆவணங்களை நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய்.

பணியின் பெயரைக் கவனமாகப் படியுங்கள். "வார்டு இன்னது, 1-வது, 2-வது, 3-வது குறுக்குத் தெரு மற்றும் இணைப்புச் சாலை" என்று நாலு தெருவை ஒரே வேலையாகக் கட்டியிருப்பார்கள். நாலாவது தெருவில் இருப்பவர்களுக்குத் தங்கள் தெருவுக்கும் டெண்டர் முடிந்துவிட்டது என்றே தெரியாது.

வாசற்படி அளவுக்கு வருவோம். சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக்கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். எஸ்டிமேட்டிலும் "பழைய தளத்தை இடித்து அகற்றுதல்" என்று கனமீட்டர் கணக்கில் ஒரு வரி இருக்கும். அதற்குப் பணமும் உண்டு. இடிக்காமலே மேலே கொட்டிவிட்டால் ஒப்பந்ததாரருக்கு இரட்டை லாபம். உங்களுக்கு மழைத்தண்ணீர் வீட்டுக்குள்.

இதை நிரூபிக்கப் பழைய ரோட்டின் உயரம் பதிவாகியிருக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் 10 மீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் தண்ணீர் நிரப்புங்கள், உள்ளே காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக்கூடாது; இருந்தால் மட்டம் பொய் சொல்லும். ஒரு முனையை வாசற்படியின் மேல்விளிம்பில் பிடியுங்கள். மறுமுனையை ரோட்டின் நடுவில் செங்குத்தாக நிறுத்திய ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடியுங்கள். இங்கே தண்ணீர் படி விளிம்புக்குச் சரியாக வந்ததும், அங்கே குச்சியில் தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து ரோடு வரை டேப் வைத்து அளங்கள். உதாரணமாக 42 செ.மீ. இதேபோல் தெருவின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று வீடுகளில். டேப்பின் எண் தெரியும்படி போட்டோ, ஒரு தாளில் தேதி, அளவு, மூன்று வீட்டுக்காரர் கையெழுத்து. அரை மணி நேர வேலை. படி மாற்றிக் கட்டாத வீடாகத் தேர்ந்தெடுங்கள். சுவரில் பெயிண்ட் கோடு போட்டு வைத்தால் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிப்பில் போய்விடும்.

தளம் போடும் நாளைக்கு முந்தின மாலைதான் பார்க்க வேண்டிய நேரம். இரண்டு பக்கமும் கான்கிரீட் வழியாமல் தடுக்கும் இரும்புப் பலகை, அதாவது ஷட்டர், நிற்கும். 15 செ.மீ. தளம் என்றால் ஷட்டரும் 15 செ.மீ. இருக்கும், அளந்து பார்த்தவர் திருப்தியோடு போய்விடுவார். ஓரத்தில் 15 இருக்கும், நடுவில் இருக்காது. நடுவில் மண்ணையோ பழைய ஜல்லியையோ மேடாக விட்டுவிட்டு மேலே மூடிவிடலாம். ஒரு ஷட்டரிலிருந்து எதிர் ஷட்டருக்கு இழுத்து நூல் பிடியுங்கள். நூலிலிருந்து தரை வரை ஐந்து இடத்தில் அளங்கள். ஓரத்தில் 15, நடுவில் 11 என்றால் 4 செ.மீ. குறைவு.

இதற்குப் பொறியாளர் ஒரு பதில் சொல்வார், அது நியாயமான பதிலாகவும் இருக்கலாம்: "நடு மேடு விட்டுத்தானே போடுறோம், மேலயும் அந்த அளவு ஏறும்." 4 மீட்டர் அகலத் தெருவுக்கு 2 சதவீதச் சரிவில் இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வேண்டுமென்றால், நடுவில் தளம் நூலுக்கு மேலே 4 செ.மீ. எழ வேண்டும். அப்படி எழும்பினால் கணக்குச் சரி. மறுநாள் முடிந்த தளத்தின் குறுக்கே அதே நூலைப் பிடித்தால் நடு எழும்பியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே பக்கச் சரிவு என்று எஸ்டிமேட் சொன்னால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

4 செ.மீ.யில் என்ன வந்துவிடப் போகிறது என்பவர்களுக்கு: 80 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 48 கனமீட்டர். ஒரு லாரியில் 6 கனமீட்டர் வந்தால் 8 லாரி. நடுவில் 2 மீட்டர் அகலத்துக்கு 4 செ.மீ. குறைத்தால் 6.4 கனமீட்டர் மிச்சம், ஒரு முழு லாரிக்கும் மேலே. ஆகவே லாரியை எண்ணுங்கள். ஒவ்வொரு லாரியிலும் வரும் டெலிவரி சலானில் எத்தனை கனமீட்டர், எந்தத் தரம், எத்தனை மணிக்குக் கலந்தது என்று இருக்கும்; டிரைவரிடம் கேட்டால் போட்டோ எடுக்க விடுவார். எம் 30 என்று எஸ்டிமேட் சொல்லி சலானில் அதைவிட வலிமை குறைந்த எம் 20 வந்தால் அங்கேயே உதவிப் பொறியாளருக்கு போட்டோ அனுப்பிவிடுங்கள். கலந்து 2 மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும். சின்னச் சந்துகளில் மிக்ஸர் வைத்துக் கலப்பார்கள். 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட். காலி மூட்டைகளை எண்ணினால் போதும்.

லாரி நெடுநேரம் வெயிலில் நின்று கலவை இறுகினால், டிரம்மில் தண்ணீர் விட்டு இளக்குவார்கள். வேலை சுலபமாக ஓடும். ஆறு மாதத்தில் மேல்பூச்சு பவுடராக உதிர்ந்து ஜல்லி பல் இளிக்கும். நிறுத்தச் சொல்ல வேண்டிய ஒரே தருணம் இதுதான். மற்ற எதற்கும் வேலையாட்களோடு சண்டை வேண்டாம், அவர்கள் தினக்கூலி. குழாயைப் பிடிப்பதை வீடியோ எடுத்தாலே பெரும்பாலும் கை தானாகக் கீழே இறங்கும்.

போட்ட மறுநாளுக்குள் குறுக்கே வெட்டு போட வேண்டும். 4 மீட்டருக்கு மிகாத இடைவெளி, ஆழம் கனத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15-க்கு 4 முதல் 5 செ.மீ. சேலத்து ஏப்ரல் வெயிலில் இதைத் தள்ளிப்போட்டால் தளம் தானே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும். வெட்டு மெஷின் வரவில்லை, ஈரமாக இருக்கும்போதே கம்பியால் கோடு கிழித்தோம் என்பது வெட்டு ஆகாது. அது வெறும் கோலம். பிறகு குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் சாக்கு போட்டோ பாத்தி கட்டியோ தண்ணீர் நிறுத்த வேண்டும். இந்த வேலையைத் தெருக்காரர்கள் செய்துவிடுவார்கள் என்று ஒப்பந்ததாரர் எதிர்பார்ப்பார். செய்துவிடுங்கள், ரோடு உங்களுடையது. ஆனால் தண்ணீர் விட்டது நீங்கள் என்று எழுதி வையுங்கள்; அதற்கும் பில் உண்டு. லோடு வண்டிகளை 28 நாள் விடாதீர்கள்.

மேன்ஹோல் மூடி புது தள மட்டத்துக்கு உயர்த்தப்பட்டதா என்று பாருங்கள். குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை இணைப்பு வேண்டியவர்கள் தளம் போடும் முன்பே வாங்கிவிட வேண்டும். புது ரோட்டை முதலில் உடைப்பவர் பெரும்பாலும் அதே தெருக்காரர்தான் என்பது கசப்பான விஷயம்.

தார் ரோடு என்றால் மூன்று சோதனை போதும். சுரண்டிய பரப்பில் தூசி இல்லாமல் கூட்டி, மெல்லியதாகத் தார் தெளித்தார்களா? இல்லையென்றால் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். கலவை இறங்கும்போது 140 டிகிரிக்குக் குறையாமல் இருந்ததா? லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடி வந்தார்களா என்று பார்ப்பதே சாமானியனுக்கான தெர்மாமீட்டர். மழை ஈரத்தில் போட்டார்களா? போட்டால் தேதியோடு போட்டோ. பேவர் பிளாக் என்றால் நடைபாதைக்கு 60 மி.மீ., வண்டி போகும் தெருவுக்கு 80 மி.மீ.; ஒரு கல்லை எடுத்து அளந்தால் முடிந்தது.

இனி எம் புக். வேலை முடிந்து பில் போவதற்கு முன் பொறியாளர் எழுதும் அளவீட்டுப் புத்தகம் அது. பணம் போவது அதில் எழுதிய அளவுக்குத்தான், தெருவில் கிடக்கும் கான்கிரீட்டுக்கு அல்ல. எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்தம் என்று கட்டங்கள். நீளத்தையும் அகலத்தையும் 30 மீட்டர் டேப் வைத்து யாரும் சரிபார்க்கலாம், அதனால் அங்கே தப்பு அதிகம் இருக்காது. பார்க்க வேண்டியது ஆழக் கட்டம். "பழைய தளம் இடித்து அகற்றியது: 80 × 4 × 0.15 = 48 கனமீட்டர்" என்று எழுதியிருக்கிறது, புதுத் தளமும் 15 செ.மீ. என்றால், ரோட்டின் மட்டம் மாறியிருக்கவே கூடாது. இப்போது தண்ணீர்க் குழாயை எடுத்து அதே மூன்று வாசற்படியில் மறுபடி அளங்கள். 42 இருந்த இடத்தில் 27 வந்தால், இடித்ததாகப் பணம் வாங்கிய 48 கனமீட்டர் இன்னும் உங்கள் காலடியில்தான் கிடக்கிறது. எந்தப் பேச்சும் வேண்டாம். முன் அளவு, பின் அளவு, எம் புக் பக்கம் மூன்றையும் பின் அடித்து ஆணையாளருக்கும் மாநகரப் பொறியாளருக்கும் மனு. தளத்தில் உருளையாக ஒரு துண்டு (கோர்) வெட்டி எடுத்துக் கனம் சோதிக்கக் கேளுங்கள். எங்கே வெட்டுவது என்பதை நீங்கள் குறிப்பிடுங்கள், நடுத்தெருவில். அவர்களாகத் தேர்ந்தெடுத்தால் ஓரத்தில்தான் வெட்டுவார்கள்.

30 நாளில் ஆர்டிஐ பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் முறையீடு; கட்டணம் இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அங்கே நாளாகும். ஆனால் முதல் முறையீட்டு மனு போன வாரத்திலேயே பல எம் புக்குகள் கிடைத்துவிடுகின்றன, ஏனென்றால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் அலுவலர் சொந்தப் பையிலிருந்து போகும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கணக்கு இதே, கதவுதான் வேறு. 20 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதை நெடுஞ்சாலைத் துறை. உள்ளே கிராமத்து ரோடுகள் ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும். எம் புக் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில். ஆண்டுக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காட்டு நிலம் குறுக்கே வருகிறது, ரோடு போட முடியாது என்று சொன்னால், 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3 (2)-ஐக் காட்டுங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் என்றால், கிராம சபைப் பரிந்துரையின் பேரில் ரோடு, பள்ளி, குடிநீர் போன்றவற்றுக்கு அனுமதி தரலாம். மலையில் கனத்தைவிடத் தண்ணீர்தான் எதிரி. மேட்டுப் பக்கம் வடிகால் இல்லாமல் போட்ட தளத்துக்கு அடியில் ஒரே மழையில் மண் அரித்துவிடும். மேலே தளம் பாலம் மாதிரி நிற்கும், முதல் காபி லோடு லாரி ஏறும்வரை. எஸ்டிமேட்டில் வடிகாலும் குறுக்குக் குழாயும் இல்லையென்றால், ரோடு கேட்பதை நிறுத்திவிட்டு முதலில் அவற்றைக் கேளுங்கள்.

கடைசியாக, ஆர்டிஐ-யில் ஐந்தாவதாகக் கேட்டீர்களே, குறைபாடு பொறுப்புக் காலம். அந்தத் தேதி வரை வெடிப்பு, பள்ளம், பெயர்ப்பு எதுவாக இருந்தாலும் ஒப்பந்ததாரர் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டும். அதற்காக அவர் பணத்தில் ஒரு பகுதி மாநகராட்சியிடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். தேதி தாண்டினால் பணம் திரும்பிப் போய்விடும், பிறகு அதே பள்ளத்துக்கு உங்கள் வரிப்பணத்தில் புது எஸ்டிமேட். அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து, இரண்டு மாதம் முன்பே தெருவை ஒருமுறை நடந்து, ஒவ்வொரு பழுதையும் கதவு எண்ணோடு போட்டோ எடுத்து, "வைப்புத்தொகையை விடுவிக்கும் முன் சரி செய்யவும்" என்று எழுதி, மண்டல அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கோப்பு மேசையில் நிற்கும்.